ராஜா வந்தான், அடிமை வந்தாருங்க

நான் விளையாட்டு வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தில் எகிப்து ராஜாவுக்கு மரியாதை கிடையாது. எட்டாம் வகுப்பு ஜன்னல் மைதானத்தைப் பார்த்தபடி இருக்கும். வெயில் ஏறியதும் பிள்ளைகளை ஓடவிட்டுவிட்டு அந்தச் சுவரோர நிழலில் ஒதுங்குவது என் வழக்கம். அப்படி ஒதுங்கிய ஒரு நாள்தான் ஹிஸ்டரி மிஸ்ஸின் குரலை முதலில் கேட்டேன்.

"அந்த ராஜா வந்தான் கண்ணுகளா. வந்து, எனக்கொரு சமாதி வேணும்னான். மலையாட்டம் வேணும்னான். செத்த பொறவு படுத்துக்கறதுக்கு அவ்வளவு எடம் எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கல. அப்பறம் கல்லு இழுக்கறவர் ஒருத்தர் வந்தாருங்க. தோள்ல கயித்தப் போட்டாருங்க. நல்ல வெயிலுங்க. அவரு பேரு நமக்குத் தெரியாதுங்க."

வாய் தவறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு வாரம் நிழலில் நின்று கேட்ட பிறகுதான் அது கணக்குப் போட்டுச் செய்கிற காரியம் என்று புரிந்தது. ராஜா, சக்கரவர்த்தி, தளபதி எல்லாரும் வந்தான், போனான், செத்தான். கப்பலில் துடுப்புப் போட்டவர், ரோமாபுரியில் சிங்கத்தின் முன்னால் நிறுத்தப்பட்ட அடிமை, பருத்திக் காட்டில் குனிந்தவர் எல்லாரும் வந்தாருங்க, போனாருங்க. ராணிகளுக்கும் தள்ளுபடி இல்லை. பிரெஞ்சு தேசத்து ராணி நகை போட்டுக்கொண்டு நின்றாள். ரொட்டி கேட்டு மழையில் நடந்த அம்மா வந்தாங்க. அவர் வகுப்புப் பிள்ளை ஒன்று பரீட்சையில், 'உலகத்தை ஜெயிக்க அந்த ராஜா கிளம்பினான். அவன் குதிரைக்குத் தண்ணீர் காட்டியவர் யார் என்று புத்தகத்தில் இல்லை' என்று எழுதி வைக்க, ஆசிரியர் அறையே அதைக் கை மாற்றிப் படித்துச் சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. அதற்கு முழு மார்க் போட்டிருந்தார்.

அவர் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால், "அந்தக் கல்லு இழுத்தவர் பேரே தெரியலீங்களாம், என்ற பேரு எதுக்குங்க சார்?" என்று கேட்பார். கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கவும் மாட்டார்; குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வெயில், மழை, மேகமூட்டம் எதுவானாலும் அந்தக் கறுப்புக் குடை விரியும். ஒல்லியான உடம்பு, வேகமான நடை, கைப்பையில் எப்போதும் சாக்பீஸ் தூள்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் 'ங்க' போடுவது மூச்சு விடுவது மாதிரி. கண்டக்டர் "எறங்குங்க" என்பார். கடைக்காரர் "இல்லீங்க" என்பதைக்கூட இருக்கிற மாதிரி சொல்லுவார். சண்டைக்கு வருகிறவர் "அறஞ்சுபோடுவேனுங்க" என்று மரியாதையாகத்தான் கை ஓங்குவார். கோயமுத்தூர் வந்து இறங்குகிற எல்லாரும் இதைக் கேட்டு உருகிப்போவார்கள். நாங்களும் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வோம்.

அந்தப் பள்ளிக்கூடம் கிணத்துக்கடவு தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்தது. போர்டில் இங்கிலீஷ் மீடியம். உள்ளே பாடம் நடந்தது தமிழில். "இங்கிலீஷ்ல ஒரு நிம்மதிங்க சார்" என்று மிஸ் ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார். "ராஜாவும் 'ஹி கேம்', கூட்டறவரும் 'ஹி கேம்'. நம்ம தமிழ்லதான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே ஆளை அளந்துபோடோணும். வந்தானா, வந்தாரா, வந்தாருங்களான்னு."

"அப்ப நீங்க மட்டும் அளக்கறதில்லீங்களா? ராஜாவுக்கு ன் போடறீங்களே?" என்று நான் மடக்கினேன்.

"நானும் அளக்கறனுங்க. படிய மட்டும் தலைகீழாப் புடிச்சுக்கறேன்."

அவர் எந்த ஊர், எந்தச் சனம் என்று கண்டுபிடிக்க ஆசிரியர் அறையில் ஒரு ரகசிய ஆராய்ச்சியே நடந்தது. எங்கள் பக்கத்தில் இதை நேராகக் கேட்க மாட்டார்கள். தேன் தடவித்தான் கேட்பார்கள். தமிழம்மா ஒருநாள் தன் டப்பாவிலிருந்து பணியாரத்தை எடுத்து நீட்டிக்கொண்டே, "மிஸ், உங்களுக்குப் பூர்வீகம் எங்கீங்க?" என்றார்.

"ஆப்பிரிக்காங்க" என்றார் மிஸ், பணியாரத்தை வாங்கிக்கொண்டு. "எல்லாருக்கும் அங்கதானுங்களே. அங்கிருந்துதான நடந்தே வந்தோம்."

"அதில்லீங்க மிஸ். குலசாமி கோயிலு?"

"ஆனைமலைல மாசாணியம்மனுக்கும் போவேனுங்க. கிறிஸ்துமஸ்ஸுக்குச் சர்ச்சுல கேக் குடுத்தாலும் வாங்கிக்குவேனுங்க. பணியாரம் நல்லா வந்திருக்குதுங்க."

அதற்குமேல் தமிழம்மாவால் போக முடியவில்லை. எனக்குத் தெரிந்ததும் கொஞ்சம்தான். சந்தைக்குப் பின்னால் லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தார். கணவர் கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். அதில் வேலை பாதி நாள்தான் இருக்கும். ஒரே பெண் பன்னிரண்டாம் வகுப்பு. அதை நர்சிங் சேர்க்க வேண்டும் என்பது மிஸ்ஸின் ஒரே கவலை. அந்த வீட்டில் மாதம் தவறாமல் வந்த வருமானம் மிஸ்ஸுடைய சம்பளம் மட்டும்தான்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒரு யானை. எங்கள் ஊர் தொண்டாமுத்தூர். ஒரு தடவை மலையிலிருந்து இறங்கிய யானை எங்கள் வாழைத் தோட்டத்தைச் சுத்தமாக முடித்துவிட்டுப் போனது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் யாரிடமும் பேசாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் 'அச்சச்சோ' என்றார்கள். மிஸ் தன் தக்காளி சாதத்தில் பாதியை என் டப்பா மூடியில் வைத்தார்.

"மொத மொத ஆத்தங்கரைல வெதை போட்டவர் ஒருத்தர் இருந்தாருங்கல்ல சார், அவரும் ஒருநாள் காலைல எந்திரிச்சுப் பாத்திருப்பாருங்க. காட்டுப்பன்னி எல்லாத்தையும் தின்னுபோட்டுப் போயிருக்கும். அவரும் இப்படித்தான் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருப்பாரு. அன்னிக்கு அவரு 'போதும்டா சாமி'ன்னு போயிருந்தா நாகரிகமும் இல்ல, நகரமும் இல்ல. மறுபடி வெதச்சாருங்க. அதனாலதான் நாம தக்காளி சாதம் சாப்படறோம். சாப்பிடுங்க."

சிரித்துவிட்டேன். பத்தாயிரம் வருஷத்துக்கு முந்திய ஓர் ஆளை எனக்குச் சொந்தக்காரர் ஆக்கிவிட்டாரே என்று இருந்தது. வரலாறு என்றால் தேதியும் சண்டையும் என்று நினைத்திருந்தவன் நான். அன்று மாலை வீட்டுக்குப் போய் வாழைக்கன்று விலை விசாரித்தேன்.

இனி மயிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தைக் கூட்டி, கழிப்பறைகளைக் கழுவுகிறவள். ஐம்பத்தைந்து வயதுக்குமேல் இருக்கும். எல்.கே.ஜி. குழந்தையிலிருந்து தாளாளர் வரைக்கும் அவளை "மயிலா" என்றுதான் கூப்பிட்டோம். "மயிலா, வா." "மயிலா, இங்க தண்ணி ஊத்து." மிஸ் ஒருவர் மட்டும் "மயிலாக்கா, வாங்க" என்பார். கேட்டதும் மயிலா பின்னால் திரும்பிப் பார்ப்பாள், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று.

மயிலா நாற்காலியில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. மத்தியானம் தூணுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். ஒருநாள் மிஸ் ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளி, "உக்காருங்க மயிலாக்கா" என்றார்.

"வேண்டாம்ங்க மிஸ்" என்றாள் மயிலா. "உக்காந்து பழகிட்டா அப்பறம் எந்திரிக்க மனசு வராதுங்க."

அந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு மிஸ் ஒரு நாடகம் போட்டார். உலக வரலாறு முழுவதும் அரை மணி நேரத்தில். நைல் நதிக்குத் தமிழம்மாவின் நீலப் புடவை. பிரமிடு தெர்மாகோலில். அடிமைக் கப்பலுக்கு நாலு பெஞ்சு. கடைசிக் காட்சி அமெரிக்காவில் ஒரு பஸ். வெள்ளைக்காரர்களுக்கு இடம் விட்டு எழுந்து போகச் சொன்னபோது, ஒரு கறுப்பின அம்மா எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாரே, அந்தக் காட்சி. என் டென்னிகாய்ட் வளையம்தான் ஸ்டீயரிங். மைக்கும் திரையும் என் பொறுப்பு.

டிரைவர் வேஷம் கனிஷ்காவுக்கு. பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்த பெரியவரின் பேத்தி. தாளாளருக்கு அந்தப் பெரியவர் மாமனார் முறை. உட்கார்ந்திருக்கும் அம்மா வேஷம் பவித்ராவுக்கு. பெயர் கூப்பிட்டால்கூட வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்கும் பிள்ளை அது. அதனால்தான் அந்த வேஷம். வசனம் கிடையாது, தலையை ஆட்டினால் போதும்.

ஒத்திகையில் வண்டி இங்கேதான் நின்றது. கனிஷ்கா வளையத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி, பவித்ராவைப் பார்த்து, "ஏனுங், சித்த எந்திரிங்களா?" என்றாள்.

"கண்ணு, நீ அவிங்களை வெரட்டற. ஒறம்பரைச் சனத்தப் பந்திக்குக் கூப்படல" என்றார் மிஸ்.

"சரீங்க மிஸ்." மறுபடி வளையம். "கொஞ்சம் எந்திரிச்சுக்கங்க."

மூன்று நாள் முட்டிப் பார்த்துவிட்டு மிஸ் என்னிடம் வந்தார். "சார், இந்த ஊர்லயே ங்க போடாம கத்தறது நீங்க ஒருத்தர்தான். அந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

பாராட்டா திட்டா என்று தெரியாமலே ஒப்புக்கொண்டேன். கனிஷ்காவை மேடையில் நிறுத்தி ஒரு விசில் ஊதினேன். "சொல்லு. எந்திரி!"

"எந்திரிங்க சார்."

"சார் வேண்டாம்."

"எந்திரிங்க."

"ங்க வேண்டாம்."

"எந்திரி..." என்றவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பாவமாக என்னைப் பார்த்து, "...ங்" என்று முடித்தாள். நான் கைவிட்டேன்.

மிஸ் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "கண்ணு, உங்க ஊட்ல பெரியவங்க யாரையாச்சும் ங்க போடாமக் கூப்படுவீங்களா?"

கனிஷ்கா யோசித்தாள். "தோட்டத்துல வேலை செய்யற மாரானுங்க மிஸ். அப்பாரு கூப்புடுவாங்க. நானும் கூப்புடுவேன்." அப்பாரு என்றால் எங்கள் பக்கத்தில் தாத்தா.

"அவருக்கு என்ன வயசிருக்கும்?"

"அப்பாரு வயசுதானுங்க மிஸ்."

"அவரை உங்க அப்பாரு எப்படி எந்திரிக்கச் சொல்லுவாங்க?"

அந்தப் பிள்ளை ஒரு கையை இடுப்பில் வைத்தது. தாடையைக் கொஞ்சம் தூக்கியது. பவித்ராவின் முகத்தைப் பார்க்காமல், அவள் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னது.

"டேய். எந்திர்றா."

சத்தமாகச் சொல்லவில்லை. கோபமும் இல்லை. வழியில் கிடக்கும் மூட்டையை நகர்த்தச் சொல்வது போல ஒரு குரல். அறுபது எழுபது வருஷம் பேசிப் பேசி வழவழப்பான அந்தக் குரல் பதிமூன்று வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து அப்படியே வந்தது. எங்கள் தோட்டத்திலும் அதே குரல்தான்.

அந்த நேரத்தில் மயிலா மேடைப் படியில் விளக்குமாற்றை மடியில் போட்டுக்கொண்டு சற்று ஓய்வாக உட்கார்ந்திருந்தாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். யாரும் அவளைச் சொல்லவில்லை. அவள் பக்கம் யாரும் பார்க்கக்கூட இல்லை.

மிஸ் பார்த்தார். அவர் முகம் அப்படிச் சுருங்கி அதற்கு முன் நான் கண்டதில்லை. மெதுவாக அவளிடம் போய், "உங்களைச் சொல்லலீங்க மயிலாக்கா. உக்காருங்க" என்றார்.

"எனக்குத் தெரியும்ங்க மிஸ்" என்று மயிலா சிரித்தாள். "காலுக்குத் தெரியல."

அன்று மாலைக்குள் விஷயம் தாளாளர் காதுக்குப் போய்விட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் காற்றைவிட வேகமாகப் போகிற ஆட்கள் உண்டு. மிஸ்ஸைக் கூப்பிட்டு அனுப்பினார். மைக் செட்டுக்காரரைப் பற்றிக் கேட்க நானும் அங்கே நின்றிருந்தேன்.

"ஏனுங் மிஸ், நாடகம் கொஞ்சம் நீளமுங்க. அந்தப் பஸ்சு மட்டும் வேண்டாமுங்களே."

"பஸ்சு இல்லாட்டி நாடகம் அடிமைக் கப்பல்லயே நின்னுபோகுமுங்க. அவிங்க கரை சேர வேண்டாங்களா?"

தாளாளர் பேனாவை மூடி மூடித் திறந்தார். "சரி, உங்க இஷ்டமுங்க. பெரியவர் முன்வரிசைல உக்காருவாருங்க. பாத்துக்கங்க."

வெளியே வந்ததும் நான் சொன்னேன். "மிஸ், எடுத்துருங்க. அந்த 'பாத்துக்கங்க'ன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியும்ங்க சார். வேலை போயிரும்." குடையை விரித்தார். மைதானத்தில் மேகம் கட்டி நிழலாக இருந்தது. "எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது. புள்ளைய நர்சிங் சேக்கோணும். ராத்திரி தூக்கம் வரலீங்க. ஆனா வகுப்புல அந்தம்மா எந்திரிக்கலன்னு அத்தனை தடவை சொல்லிப்போட்டேன். இப்ப நானே போயி அவிங்களைப் பஸ்சோட எறக்கி விடறதுங்களா?"

ஆண்டு விழா அன்று நைல் நதி ஒரு ராஜாவின் காலில் சிக்கி அவனைக் குப்புறத் தள்ளியது. கூட்டம் கைதட்டியது. கப்பல் வந்தது, பருத்திக் காடு வந்தது. கடைசியில் பஸ். நான் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன். எனக்கு எதிர் ஓரத்தில் மிஸ், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி.

கனிஷ்கா வளையத்தைத் திருப்பினாள். பிரேக் போட்டாள். எழுந்து, இடுப்பில் கை வைத்து, தாடையைத் தூக்கினாள். தூக்கிய கண் நேராக முன்வரிசையில் போய் விழுந்தது. அங்கே தோளில் துண்டோடு அப்பாரு.

கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியது. "ஏனுங்..." என்றாள். "சித்த எந்திரிங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எதிர் ஓரத்தில் மிஸ் கண்ணை மூடிக்கொண்டார். சரி, தொலைந்தது, பெரியவருக்கும் மனக்குறை இல்லை, மிஸ்ஸுக்கு வேலையும் போகாது என்று நான் கயிற்றை இழுக்கப்போனேன்.

பவித்ரா தலையை ஆட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அவள் முன்னால்தான் என் மைக் இருந்தது.

"ங்க போட்டுச் சொன்னாலும் எந்திரிக்க மாட்டேனுங்க."

யாரும் எழுதிக் கொடுக்காத வசனம். சிரிப்பு அறுந்து நின்றது. பின்வரிசையில் யாரோ ஓர் அம்மா முதலில் கை தட்டினார். அப்புறம் பின்பக்கம் முழுக்கத் தட்டியது. முன்வரிசை தட்டவில்லை. பெரியவர் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு மேடையையே பார்த்தார். நான் திரையை இழுக்க மறந்துபோனேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் தாளாளர் மிஸ்ஸை அழைத்து எதிரில் உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாராம். "நீங்க நல்லா இருக்கோணுமுங்க. ரொம்ப அலையறீங்க. வர்ற ஜூன்ல இருந்து சிரமப்பட வேண்டாமுங்க." எங்கள் பக்கத்தில் வேலையை விட்டு நிறுத்துவதும் இப்படித்தான், வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள்.

மிஸ் டீயைக் குடித்து முடித்தார். "நான் என்ன தப்புப் பண்ணுனேனுங்க?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"அப்ப எதுக்குங்க?"

தாளாளரால் அதைச் சொல்ல முடியவில்லை. சொல்வதென்றால், மேடையில் அந்தப் பிள்ளை வாயில் வராமல் போன குரல் யாருடையது என்று சொல்ல வேண்டும்.

"காரணத்தைச் சொல்லுங்க, எந்திரிச்சுக்கறேன்" என்றார் மிஸ். சொல்லிவிட்டுக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தாளாளர் "எந்திரிங்க மிஸ்" என்றார். "நேரமாகுதுங்க" என்றார். ஒரு டீச்சரை 'எந்திரி' என்று சொல்ல அந்த மனுஷனுக்குச் சத்தியமாக வாய் வரவில்லை. வளர்ந்த விதம் அப்படி. நீள மணி அடித்து, பிள்ளைகள் போய், பஸ்கள் கிளம்பிய பிறகு எனக்கு ஆள் வந்தது. வராந்தாவிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், உங்களுக்குத்தான் சத்தம் போட வருமுங்க. ஒரு சத்தம் போடுங்க. எந்திரிச்சுப்போவாங்க."

கழுத்தில் விசிலோடு உள்ளே போனேன். மிஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது, முதுகு மட்டும் நேராக இருந்தது. மைதானத்தையே கிடுகிடுக்க வைக்கிற என் வாய் திறந்தது. "மிஸ்... தண்ணி ஏதாச்சும் வேணுங்களா?" என்று கேட்டது.

"குடுங்க சார்" என்றார்.

தாளாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது மயிலா அறையைக் கூட்ட வந்தாள். "மிஸ், காலைத் தூக்கிக்கங்க" என்றாள். மிஸ் காலைத் தூக்கிக்கொண்டார். எழவில்லை.

அவள் பாதி கூட்டிக்கொண்டிருக்கும்போது பெரியவர் வந்தார். தாளாளர்தான் போன் போட்டிருக்க வேண்டும். ஒரு டீச்சரிடமும் ங்க இல்லாமல் சொல்லக்கூடிய வாய் அந்த ஊரில் அது ஒன்றுதான். வாசலில் நின்று எல்லாரையும் பார்த்தார். தாளாளர் எழுந்து நின்றார்.

"மயிலா, அந்தச் சேர எடுத்து இப்படிப் போடு."

மயிலா போட்டாள். பெரியவர் மிஸ்ஸுக்கு எதிரே உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அந்தப் பஸ்சு விசயம் நெசமா நடந்ததுங்களா?"

"நெசமுங்க."

"கடைசி வரைக்கும் அவிங்க எந்திரிக்கலீங்களா?"

"இல்லீங்க. போலீசு வந்துதான் எறக்குனாங்க."

"அப்பறம்?"

"அப்பறம் அவிங்க சனம் ஒருத்தரும் பஸ் ஏறலீங்க. வேலைக்கு நடந்தே போனாங்க. மாசக்கணக்கா நடந்தாங்க. கடைசில கோர்ட்டே சொல்லிப்போடுச்சுங்க, யாரு எங்க வேணாலும் உக்காரலாம்னு."

பெரியவர் தலையாட்டினார். மேஜை மேலிருந்த பேனாவை எடுத்துத் திரும்ப வைத்தார். "என்ற பேத்தி அன்னிலிருந்து எங்கிட்டச் செரியாப் பேசறதில்லீங்க. 'உங்களை மாதிரிதான் சொல்லோணும்னாங்க, உங்களைப் பாத்ததும் எனக்கு வரல அப்பாரு'ன்னு அழுவறா." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "நான் அப்படித்தான் பேசறனுங்களா?"

தாளாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு 'இல்லீங்க' சொன்னால் போதும். வேலையும் இருக்கும், ஜூனும் வரும், மகளும் நர்சிங் சேருவாள். மிஸ்ஸின் விரல்கள் கைப்பைக் காதை முறுக்கின.

"ஆமாங்க" என்றார்.

மயிலாவின் விளக்குமாறு நின்றது. பெரியவர் எழுந்தார். வாசல் வரைக்கும் போனார். போனவர் திரும்பாமலே, "மாப்ள, இந்தம்மா இங்கயே இருக்கட்டும்" என்றார். படியிறங்கிக்கொண்டே பழக்கத்தில் ஒரு குரலும் கொடுத்தார். "மயிலா, அந்தச் சேர உள்ள எடுத்துப் போட்ரு."

தாளாளர் அவரை வழியனுப்ப ஓடினார். அறையில் நாங்கள் மூன்று பேர். மிஸ் அப்போதுதான் டம்ளரை எடுத்தார். நான் கொடுத்த தண்ணீரில் பாதியைப் புடவையில் கொட்டிக்கொண்டார். அழுதார், சிரித்தார், இரண்டும் கலந்து மூக்கைச் சிந்தினார்.

"கவனிச்சீங்களா சார்? அமெரிக்காவுல இருக்கற அம்மாவ 'அவிங்க'ன்னாரு. மயிலாக்காவுக்கு 'போட்ரு'ங்கறாரு. ங்க கடல் தாண்டிப் போயிருச்சுங்க. இந்தக் கதவுல இருந்து அந்தச் சேர் வரைக்கும் வரத்தான் இன்னும் தூரம் இருக்குது."

"வேலை இருக்குதல்லங்க மிஸ், அதைப் பாருங்க" என்றேன். "சேரை நான் எடுத்துப் போடறேன்" என்று திரும்பினேன்.

சேர் காலியாக இல்லை. அதில் மயிலா இருந்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, முதுகை நன்றாகச் சாய்த்து, இரண்டு கைகளையும் இரண்டு பக்கக் கட்டையிலும் வைத்திருந்தாள். என் வாயில் 'எந்திரி' என்கிற அந்தப் பழைய சொல் பாதி வந்துவிட்டது. அதை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"ங்க போட்டுச் சொன்னாலும் எந்திரிக்க மாட்டேனுங்க சார்" என்று சொல்லிவிட்டு, மயிலாக்கா இன்னும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார்.